சந்து முனை ஜோக்

இந்தப் பெண்ணும் வாங்கிக்கொண்டு போய்விடட்டும், அடுத்தது நாம் கேட்டுவிடலாம் என்று செண்பகவல்லி நான்காவது தடவையாக ஒதுங்கி வழிவிட்டாள். ஆபீசுக்குப் போகிற பெண் போலிருக்கிறது, கழுத்தில் அட்டை தொங்குகிறது, தலை இன்னும் காயவில்லை. அவள் இரண்டே இரண்டு வார்த்தை சொன்னாள். கடைக்காரி தலையைக்கூட நிமிர்த்தாமல் பானையில் கரண்டியைப் போட்டு எடுத்துப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, பையின் வாயைச் சுழற்றி, ரப்பர் பேண்டை இரண்டு சுண்டு சுண்டிக் கட்டி நீட்டிவிட்டாள். பை காற்றடைத்த பந்து மாதிரி விம்மிக்கொண்டு நின்றது. அந்த இரண்டு வார்த்தைதானே இப்போது வேண்டியிருக்கிறது, அது என்ன வார்த்தை, காதுக்குள் வந்ததும் நழுவிவிடுகிறது, மீன் மாதிரி. கோவில்பட்டிப் பக்கத்து அங்கன்வாடியில் இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள், பாங்காக்கில் ஒரு சந்து முனையில், விடிந்து அரை மணி நேரமாக, கையில் ஒரு பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு ஊமையாக நிற்கிறாள். வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனாலும் ரவிக்கை முதுகில் ஒட்டிவிட்டது. பானையிலிருந்து வருகிற ஆவியில் அரிசி வாசனை இருக்கிறது, அது தெரிந்த வாசனை. அதற்குப் பின்னால் மீனோ என்னவோ ஒன்று, அது தெரியாத வாசனை. பானைக்கு இந்தப் பக்கம் கிண்ணம் கிண்ணமாக என்னென்னவோ: இஞ்சியை நூல் மாதிரி சீவி ஒன்றில், வெங்காயத் தாளை நறுக்கி ஒன்றில், கொத்திய இறைச்சியை உருட்டி ஒன்றில், முட்டை, பொரித்த பூண்டு. ஒவ்வொரு கிண்ணமாக அவள் எண்ணிப் பார்த்தாள். இதில் எது ஒன்று விழுந்தாலும் போச்சு. ஒரு இஞ்சித் துணுக்கு போதும்.

ஜோக் என்றுதான் மகன் எழுதியிருந்தான். அருணகிரிக்கு வலது காறை எலும்பு முறிந்து கை கழுத்திலிருந்து துணியில் தொங்குகிறது, இடது கையால் எழுதுகிறான், மூன்று வயசுப் பிள்ளை முதல் தடவை பென்சில் பிடித்த மாதிரி ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் சாய்கிறது. மழையில் பைக் சறுக்கிப் பதினாறு நாளாகிறது. தாடை இரண்டு இடத்தில் முறிந்து, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நாக்கிலும் தையல், அதனால் பல்லிடுக்கில் முனகிப் பேசவும் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் நோட்டை இழுத்து ஜோக் என்று எழுதிக் காட்டினான். அவளுக்குத் திக்கென்றது. ஜோக்கா, இவனுக்கா, இந்த நேரத்திலா. அவன் அப்பா தவசிமுத்துதான் ஜோக் சொல்வார், சொல்லி முடிப்பதற்குள் அவரே சிரித்துவிடுவார், கேட்பவருக்குப் பாதிதான் கிடைக்கும். பிள்ளை அப்பாவை நினைத்துவிட்டான் போலிருக்கிறது என்று அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கடம்பூர் வந்தால் எழுப்பிவிடுங்கள் என்று பயணியிடம் சொல்லிவிட்டுத் தூங்கிப்போன பஸ் டிரைவர் கதையைச் சொன்னாள். அவன் தோள் குலுங்கியது. பிறகு முகம் சுருங்கிக் கண்ணில் நீர் வந்தது. சிரித்தால் தாடை இழுக்கும், அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் கையை ஆட்டி மறுத்து, ஒரு கிண்ணம் வரைந்து, மேலே ஆவி போட்டு, பக்கத்தில் கஞ்சி என்றும், கீழே, சந்து முனை என்றும் எழுதினான். அந்த ஊரில் அரிசிக் கஞ்சிக்குப் பேரே ஜோக்தான் என்று அப்புறம்தான் புரிந்தது.

கஞ்சியை அவளே வைத்திருப்பாள், அடுப்பு இருந்தால். அடுப்பு இல்லாத வீட்டை இங்கேதான் பார்த்தாள். ஏழாவது மாடியில் ஒரு அறை, கட்டில், குளியலறை, துணி காயப்போட ஒரு பால்கனி, தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில், அவ்வளவுதான், எல்லாரும் தெருவில்தான் வாங்கிச் சாப்பிடுவார்கள் என்று அவன் ஆபீஸ் நண்பன் ஷாஜி சொன்னான். ஷாஜிதான் ஊருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னவன், விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தவன், நான்கு நாளாக எல்லா இடத்திலும் அவளுக்காகப் பேசியவன். இன்று அவனும் வேலைக்குப் போய்விட்டான். முந்தாநாள் மத்தியானம், ஊரிலிருந்து கொண்டுவந்த சத்துமாவைக் கெட்டில் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். எத்தனை நூறு பிள்ளைகளுக்குக் கிண்டிப் போட்ட மாவு. கட்டி இருந்திருக்கிறது. ஒரே ஒரு கட்டி. பல்லுக்குப் பின்னால் கன்னத்துக்குள் ரப்பர் குழாயை விட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் மெல்லத் தள்ளினாள், அவன் உடம்பு ஒரு தூக்கு தூக்கியது, குமட்டிக்கொண்டு வருகிறது, வாயைத் திறக்க முடியாது. கட்டில் தலைமாட்டில் ஒரு சின்னக் கட்டிங் பிளையர் கயிற்றில் தொங்குகிறது. வாந்தி வந்தால் இந்தப் பக்கம் இரண்டு கம்பி, அந்தப் பக்கம் இரண்டு கம்பி வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு அடைத்துவிடும் என்று, வந்த மறுநாள் அவனைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ் சைகையாலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். அதை அவள் கையில் எடுத்துவிட்டாள். அவன் தானாகக் குனிந்து, மூக்கு வழியாகவும் பல்லிடுக்கு வழியாகவும் எல்லாம் ஒழுகி, ஒருவழியாக மூச்சு வந்தது. அதற்குப் பிறகு அவன் தண்ணீரையும் பாக்கெட் பாலையும் தவிர எதற்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கன்ன எலும்பு தெரிகிறது. நேற்று அவனைத் துடைத்துவிடும்போது விலாவை எண்ணலாம் போலிருந்தது. இன்றைக்குத் தானாக ஒன்றைக் கேட்டிருக்கிறான். அதை வாங்கிக் கொடுக்க வேண்டும், அதில் ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது, அதை யாரிடம் எப்படிச் சொல்வது.

சொல்வது என்றால் தமிழிலேயே அவளுக்கு எல்லாம் வந்துவிட்டதா. நான்கு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், சாப்பிட்டியாய்யா, சாப்பிட்டேன், நீங்க, சாப்பிட்டேன், சரி வைக்கேன். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, இந்தப் பக்கமும் ஒன்றும் இல்லை. அவன் அப்பா போய்ச்சேர்ந்தபோது இவனுக்கு அடுத்த நாள் விமானம்தான் கிடைத்தது. ஐஸ் பெட்டியில் வைத்திருந்தும் பெரியவர்கள் பொழுதுக்குள் எடுத்தாக வேண்டும் என்றார்கள். எல்லாம் முடிந்து, வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தோள்பையோடு வந்து நின்றான். அவள் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் சொன்னாள். இதுக்கு நீ வராமலே இருந்திருக்கலாம். சொன்ன வாயைப் பிடித்து இழுக்கவா முடியும். வராமலே இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி. ஷாஜி போன் செய்த அன்று ராத்திரியே அவள் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தாள். பையனைப் பார்க்கப் போகலாம் என்று அவரும் அவளும் சேர்ந்தே எடுத்தது, அவருடையது பீரோவில் அவளுடையதின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. விமானத்தில் வருகிற வழியெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் பயந்தாள். கதவைத் திறந்ததும் அவன் நோட்டை இழுத்து அந்த வாக்கியத்தையே எழுதிக் காட்டினால்? அவன் எழுதவில்லை. இவளைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான். மூடினது எதற்கு, அசதியா, வெறுப்பா, வலியா. நான்கு நாளாகப் பக்கத்திலேயே இருக்கிறாள், கேட்க முடியவில்லை. ஐயா, அன்னைக்கு நான் சொன்னது, என்று தொடங்கினால் அடுத்தது என்ன. அந்த இடத்தில் எழுந்துபோய்ச் சிரிஞ்சைக் கழுவ ஆரம்பித்துவிடுகிறாள்.

கடைக்காரி இவளைப் பார்த்து ஏதோ கேட்டாள். பின்னால் யாரும் இல்லை. ஒதுங்கி வழிவிட ஆளே இல்லை. கடைக்காரிக்கு ஐம்பது வயசிருக்கும், தலையில் வலைத்தொப்பி, முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள், கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி மறுபடியும் கேட்டாள், கேள்வி மேலே போய் முடிந்தது. செண்பகவல்லி ஜோக் என்றாள். கடைக்காரி தலையாட்டிவிட்டு உடனே இறைச்சி உருண்டையை எடுத்தாள். வேண்டாம் வேண்டாம் என்று இவள் கையை ஆட்ட, அதை விட்டுவிட்டு முட்டையை எடுத்தாள். அதுவும் வேண்டாம். இஞ்சியைக் காட்டினாள், வேண்டாம். எல்லாம் வேண்டாமென்றால் என்னதான் வேண்டும் என்கிற மாதிரி நிறுத்திவிட்டாள். ஷாஜி போனில் மொழிபெயர்க்கிற ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செண்பகவல்லி போனை வாய்க்கு அருகில் வைத்து, என் மகனுக்கு வாயக் கம்பி வச்சுக் கெட்டிருக்கு, சக்கை இல்லாம நைசா வடிச்சுக் குடுங்க தாயி, என்று மனசில் இருந்ததை இருந்தபடி சொன்னாள். போன் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு பெண் குரலில் கணீரென்று எதையோ சொன்னது. கடைக்காரியின் முகம் மாறிவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தாள். ஓரத்து மேஜையில் ஆரஞ்சு நிறக் கையில்லா மேல்சட்டை போட்ட பைக் டாக்சிக்காரர் ஒருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், அவர் நிமிர்ந்து இவளைப் பார்த்து, பிறகு போனைப் பார்த்து, உரக்கச் சிரித்துவிட்டார். என்ன சொல்லித் தொலைத்ததோ அது. மகனை வாயைக் கட்டி வைத்திருக்கிறேன் என்றா, அவனை வடித்துக் கொடு என்றா. காது மடல் சுட்டது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனாள், கால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் முட்டியது, அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். போதும். பால் பாக்கெட்டே வாங்கிக்கொண்டு போய்விடலாம், கடையில் அதை எடுத்துக் காட்டினால் போதும், யாரிடமும் பேச வேண்டாம். ஆனால் நோட்டில் எழுதியிருக்கிறானே. நான்கு வருஷத்தில் அவன் அவளிடம் கேட்ட ஒரே பொருள் அது. அதைக்கூட வாங்கிவரத் தெரியாத ஒருத்தி எதற்காகக் கடல் தாண்டி வந்தாள், வராமலே இருந்திருக்கலாமே.

முன்னால் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தது. கடைக்காரிதான். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய் எதையோ கேட்டாள். சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டிருக்க வேண்டும், விரல் குவிந்த விதம் அப்படி. செண்பகவல்லியின் தலை அவளைக் கேட்காமலே இல்லை என்று ஆடிவிட்டது. நேற்று மத்தியானம் இரண்டு பிஸ்கட். அதற்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டோம், நினைவில்லை. பிள்ளை பட்டினி கிடக்கிற அறையில் இவளுக்குத் தொண்டையில் எது இறங்கும். கிண்ணத்தில் வெறும் கஞ்சி, மேலே எதுவும் தூவவில்லை, வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதை எல்லாம் அவள் கவனித்துத்தான் வைத்திருக்கிறாள். ஒரு வாய் எடுத்தாள். சுட்டது. அரிசி உடைந்து கரைந்து, அரிசி என்கிற அடையாளமே போய், நாக்கில் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று, கொஞ்சம் உப்பு, எலும்பு வேகவைத்த சாறு. இரண்டாவது வாய்க்கு மூக்கில் நீர் வந்துவிட்டது. தலைப்பால் துடைத்துக்கொண்டு, நாக்கால் கஞ்சியை மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தாள், அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன்னால் எப்போதும் செய்வதுபோல. குருணை குருணையாக இருக்கிறது, ஆனால் வழவழப்பான குருணை. இன்னும் இரண்டு மடங்கு சாறு விட்டு, நைசான சல்லடையில் ஒன்றுக்கு இரண்டு தடவை தேய்த்தால் குழாயில் இறங்கும். இறங்கும். அவளுக்கு இது தெரிந்த வேலை. கிண்ணத்தை முழுக்கக் காலி செய்தாள். வயிறு சூடானதும் கால் தரையில் நன்றாகப் பாவியது.

எழுந்துபோய்ப் பானைக்கு எதிரே நின்றாள். வட்டமாக உட்கார்ந்திருக்கிற இருபது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பதுபோலவே நின்றாள், அவர்களுக்கும் முதல் நாள் ஒரு வார்த்தை புரியாது, அழுவார்கள், கையைக் காட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பைக்கைப் பிடித்தாள், உதட்டைச் சேர்த்து டுர்ர்ர் என்று விட்டாள், மழை பெய்கிறதென்று விரல்களால் காட்டினாள், வண்டி வழுக்கிற்று, ஒரு கையால் இன்னொரு கையைப் படாரென்று அடித்தாள். டாக்சிக்காரர் கரண்டியை வைத்துவிட்டார். செண்பகவல்லி தன் தாடையைப் பிடித்து இரண்டாக உடைத்துக் காட்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் மேலும் கீழுமாகக் கம்பி சுற்றினாள், சேலைத் தலைப்பை இழுத்துக் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டாள். பிறகு பையிலிருந்து சிரிஞ்சையும் ரப்பர் குழாயையும் எடுத்துக் கன்னத்தருகே வைத்து மெல்லத் தள்ளிக் காட்டினாள். கடைசியாக இஞ்சியைச் சுட்டி, வெங்காயத் தாளைச் சுட்டி, தன் தொண்டையைப் பிடித்துக் கண்ணைப் பிதுக்கினாள். கடைக்காரி ஒரு சத்தம் போட்டாள், அடடா என்றால் எந்த ஊரிலும் அப்படித்தான் இருக்கும். சின்னப் பிள்ளை என்று நினைத்திருப்பாள் போல, கையைத் தன் முழங்கால் உயரத்தில் வைத்து இவ்வளவா என்று கேட்டாள். செண்பகவல்லி கையை உயர்த்தினாள், இடுப்பு, தோள், தலை, தலைக்கும் மேலே எக்கி ஒரு முழம். கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இவளுக்கும் வந்துவிட்டது, எத்தனை நாளாயிற்று, விலாவில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது.

கடைக்காரி உடனே வேலையில் இறங்கினாள். பானையின் மேல்பக்கத்திலிருந்து மட்டும் மெல்ல மொண்டு, தனியாக ஒரு சட்டியில் ஊற்றி, சாறு விட்டுக் கலக்கி, டீ வடிகட்டுகிற துணிப்பையில் போட்டுக் கரண்டி முதுகால் தேய்த்தாள். இரண்டாம் தடவை தேய்த்ததும் ஒரு சொட்டை எடுத்து இவள் புறங்கையில் விட்டாள். செண்பகவல்லி விரலால் உருட்டிப் பார்த்து, இன்னொரு தடவை என்று ஒற்றை விரலைக் காட்டினாள். அவள் முகம் சுளிக்காமல் மூன்றாம் தடவையும் தேய்த்துப் பிளாஸ்க்கில் ஊற்றினாள். அந்த நேரத்தில்தான் டாக்சிக்காரர் எழுந்து வந்தார். மோவாயை உயர்த்திக் காட்டினார். அடியில் ஒரு வெள்ளைத் தழும்பு, காதுவரை. வாயைத் திறந்தார், கீழ்வரிசைப் பல் ஒன்று கோணலாக இருந்தது. அவரும் இவள் செய்த மாதிரியே விரலால் கம்பி சுற்றிக் காட்டி, ஆறு விரலை நீட்டினார், ஆறு மாதமோ என்று இவள் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, கடைச் சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போய் ஒரு வாரத்தின் வரிசையைத் தடவி, மறுபடி ஆறு விரலைக் காட்டினார், ஆறு வாரம். பிறகு மேஜையிலிருந்த எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சி ஒன்றை எடுத்தார், இவளைப் பார்த்துக்கொண்டே வாயில் வைத்தார், கடித்தார். மொறுக்கென்று சத்தம் கேட்டது. அவர் மென்றார், நிதானமாக, தாடை இடமும் வலமுமாக அசைவது தெரியும்படி, வேண்டுமென்றே நெடுநேரம் மென்றார். செண்பகவல்லி அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்த டாக்டரும் சொல்லாத ஒன்றை அந்த மனுஷன் சொல்லிவிட்டார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள், அவரும் கும்பிட்டார், இந்த ஊரில் அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

லிஃப்டில் ஏழாவது மாடி வருவதற்குள் பயம் மறுபடியும் ஏறிக்கொண்டது. மேலே, அருணகிரியைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தாள். பிளையரை எட்டுகிற தூரத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள், அவன் அதைப் பார்த்தான். கஞ்சியை ஆற்றி, சிரிஞ்சில் இழுத்து, குழாயைக் கன்னத்துக்குள் விட்டு, ஒரு சொட்டு. நின்றாள். அவன் தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு சொட்டு. ஏறி இறங்கியது. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம், பிளாஸ்க்கில் பாதி போயிற்று, அவன் முகத்தைத் திருப்பவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது, நல்ல வேர்வை, சாப்பிட்டால் வருகிற வேர்வை. அவள் பேசிக்கொண்டே ஊட்டினாள். கடைக்காரி அவனைக் கைப்பிள்ளை என்று நினைத்ததையும், இவள் கையைத் தலைக்கு மேலே தூக்கியதையும், டாக்சிக்காரர் கடித்த சத்தத்தையும் சொன்னாள். நாளைக்கும் போகணும்யா, எனக்கு ஒரு வார்த்தையாவது சொல்லிக் குடு, என் மகனுக்குன்னு எப்படிக் கேக்கணும், மகனுக்கு என்ன வார்த்தை, என்றாள். அவன் நோட்டை மடியில் இழுத்தான். தமிழ் எழுத்தில் லூக் சாய் என்று எழுதினான். அவள் வாசித்தாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான், எழுத்து சரி, ராகம்தான் தப்பு. இடது கை விரலை உயர்த்தி, முதல் வார்த்தைக்கு மேலேயிருந்து சரேலென்று கீழே இறக்கினான், இரண்டாவதற்கு மேஜைமேல் கோடு இழுப்பதுபோல நேராக ஓட்டினான். அவள் சொன்னாள். இல்லை. மறுபடி சொன்னாள். இல்லை. அவன் கண்ணை மூடினான், மூடியபடியே, கட்டிய பல்லுக்குள்ளிருந்து, வார்த்தை இல்லாமல், மூக்கால் ஒரு ம்ம் கொடுத்தான், மேலிருந்து கீழே இறங்குகிற ம்ம், பிறகு நேராகப் போகிற ம்ம். இந்த அறைக்கு வந்து நான்கு நாளில் அவன் குரலை அவள் இப்போதுதான் கேட்கிறாள். கம்மியிருந்தது, ஆனால் அவன் குரல்தான். அந்த ம்ம்மைப் பிடித்துக்கொண்டு, அதன் மேலேயே கால் வைத்து இறங்குவதுபோல, லூக் சாய் என்றாள். அவன் ம்ம்மும் அவள் வார்த்தையும் ஒரே இடத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் முடிந்தன. அவன் கண்ணைத் திறந்தான். தலையாட்டவில்லை. இன்னொரு தடவை என்று விரலைச் சுழற்றினான். சரியாகத்தான் சொன்னோம் என்று செண்பகவல்லிக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் சொன்னாள்.